காதில் விழாத சேதி

தை மாசத்துப் பனி செஞ்சிக் கோட்டை மலையை முழுசாகத் தின்றுவிட்டிருந்தது. மலை இருக்கிற திசையில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. திருவண்ணாமலை ரோட்டுக் கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தியிருந்த தன் குட்டியானை வண்டியின் பின்கதவை இறக்கி, சேரன் லைட் ஸ்டாண்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“டேய், பக்கத்துல அவ இருக்கறாளா?”

“யாரு?”

“உன் பொண்டாட்டிதாண்டா. இருக்கறாளா, இல்லியா?”

“உள்ள பொண்ணு ரூம்ல இருக்கறா. ஏம்மா?”

“கொஞ்சம் தள்ளிப் போ.”

“நானே ரோட்டுல நிக்கறேன். இன்னும் தள்ளிப் போனா பஸ்ஸு ஏத்திடுவான். சொல்லு.”

விருத்தாம்பாள் குரலைத் தணித்துக்கொண்டாள். தணித்தாலும் அது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரல்தான்.

“தனகோட்டி பெரியப்பா பூட்டாருடா. விடியக்கால அவலூர்பேட்டையிலருந்து போனு. நைனா பொறப்பட்டுப் போயிட்டாரு. நீ அவகிட்ட மூச்சு வுடாத. அவ போன வாங்கி நீ வெச்சிக்க. காதுல உழாத வரைக்கும் தீட்டு இல்ல பாரு. தாலி ஏறி, பந்தி முடிஞ்சி, அப்பறமா சொல்லிக்கலாம். பாவம், அவ படம் புடிக்கற மொதக் கல்யாணம்.”

சேரன் கையிலிருந்த ஸ்டாண்டை மெதுவாக வண்டிமேல் சாய்த்து வைத்தான்.

“ஏம்மா.”

“இன்னாடா?”

“அவ காதுல போடக் கூடாதுன்னு சொல்றத்துக்கு என் காதுல போட்டுட்டியே.”

“உங்கிட்டச் சொல்லலன்னா நீ எப்பிடிப் போன வாங்கி வெப்ப?”

“போன வாங்கி வெய்யின்னு மட்டும் சொல்லக் கூடாதா? லைட்டு புடிக்கறது யாரும்மா? நான்தான? இப்ப நான் எப்பிடி மணவறகிட்ட போயி நிக்கறது?”

“ஐயய்யோ” என்றாள் விருத்தாம்பாள். ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள். “நீ கேட்டதக் கேக்காத மாரி இருந்துக்கயேண்டா.”

“கேட்டத எப்பிடிம்மா கேக்காத மாரி இருக்கறது? வெய்யி போன.”

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன தனகோட்டி, சேரனின் அப்பா அரிகிருஷ்ணனுக்குப் பெரியப்பா மகன். பங்காளி. பங்காளி வீட்டில் ஒரு உயிர் போனால் அந்த வகையறா முழுக்கத் தீட்டு. தீட்டுக்காரர் நல்ல காரியம் நடக்கிற இடத்தில் கால் வைக்கக் கூடாது, ஒரு பொருளை அடுத்தவர் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது. ஆனால் ஈரமுள்ள மனிதர் யாரோ இதில் ஒரு சந்தும் விட்டு வைத்திருக்கிறார்கள். சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. விழாதவருக்கு ஒன்றுமில்லை. மருமகளுக்காக விருத்தாம்பாள் தேடிப் போனது அந்தச் சந்தைத்தான். போகிற அவசரத்தில் மகன் காலை மிதித்துவிட்டாள்.

சேரன் பெரிய ஆசாரக்காரன் இல்லை. மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை ஏற்றி இறக்குகிறவனுக்கு நாள் ஏது, கிழமை ஏது. அவன் வீட்டுக் கல்யாணமாக இருந்திருந்தால் போனால் போகிறது என்று நுழைந்திருப்பான். ஆனால் இது அடுத்தவர் வீட்டுப் பந்தல். அவர்கள் பெண்ணுக்கு நாளைக்கு ஒரு சளி பிடித்தாலும், ஒரு வாய்ச்சண்டை வந்தாலும், இன்றைக்குத் தெரிந்தே உள்ளே போன கால் தன் கால் என்று அவனுக்கு உறுத்தும். அந்த உறுத்தலைச் சுமக்க அவனால் முடியாது. மூட்டை என்றால் முடியும்.

உள்ளே இருக்கிற பூங்குழலிக்கோ இன்றைக்கு அவன் இல்லாமல் முடியாது.

அவள் திண்டிவனம் ரோட்டு ஸ்டூடியோ ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் செய்து வளர்ந்தவள். பரு அழிப்பாள், கறுப்பை வெளுப்பாக்குவாள், மூடின கண்ணை வேறு படத்திலிருந்து எடுத்துத் திறந்து வைப்பாள். கேமராவை மட்டும் அவள் கையில் கொடுக்கமாட்டார்கள். ‘பொம்பள எப்படிம்மா விடியக்கால மண்டபத்துக்குப் போவ’ என்பார் முதலாளி. தாலி கட்டுகிற படம் சரியாக வராத வீட்டுக்காரர்கள் வந்து நின்று கத்துவதை அவள் பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் திரும்பக் கூட்டிவந்து, கட்டின தாலியையே கட்டுவதுபோலப் பிடிக்கச் சொல்லி எடுப்பார்கள். அந்தப் படங்களில் பெண்ணின் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம்.

அவளே ஒரு பழைய கேமராவை வாங்கினாள். கூடவே கிட்டத்தில் நின்று எடுக்கிற குட்டை லென்ஸ் ஒன்று. பழகுவதற்கு முகம் வேண்டுமே, யார் கொடுப்பார்கள்? தெருக்காரர்கள் ‘ஃபேஸ்புக்குல போட்டுடுவியாடி’ என்று முந்தானையால் மூடிக்கொண்டார்கள். கமிட்டிக்கு மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்த தனகோட்டி பெரியப்பாதான் மூட்டைமேலேயே உட்கார்ந்து, “சிரிக்கணுமா, மொறைக்கணுமா, இன்னா ஓணுமோ சொல்லு. என் மூஞ்சில எத்தினி கோடு இருக்குதோ எல்லாம் உனுக்குத்தான்” என்றார். அன்றிலிருந்து வரும்போதெல்லாம் வெயிலில், நிழலில், கதவு ஓரத்தில் என்று அவள் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். வெளிச்சம் மனிதர் முகத்தில் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பதை அவள் அந்த முகத்தில்தான் படித்தாள்.

பிறகு ஜெயஸ்ரீயின் கல்யாணம், இன்றைக்கு நடக்கிற இந்தக் கல்யாணம், வந்தது. சித்தி மகள் கல்யாணத்தில் போட்டோக்காரன் ஒருவன் பெண்ணின் தாடையைப் பிடித்துத் திருப்பினதைப் பார்த்திருந்தவள் அவள். ‘எனக்குப் பொம்பளதான் எடுக்கணும்’ என்று அடம்பிடித்தாள். அவள் அம்மா வசந்தா விசாரித்து, தேடி, பூங்குழலி வீட்டு வாசலுக்கு வந்தாள். அப்புறம் என்ன, வீடே ஒரு மாசம் கேமராக்கடை ஆயிற்று. எட்ட நின்று எடுக்கிற நீட்டு லென்ஸும் இன்னொரு கேமராவும் வாடகைக்கு வந்தன. ஃபிளாஷ், அதைத் தூரத்திலிருந்து அடிக்கவைக்கிற பொத்தான், பேட்டரிகள், ஸ்டாண்டு, வெள்ளைக் குடை. பாய்மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்தபோது விருத்தாம்பாள் சுற்றி வந்து பார்த்தாள். “ஏண்டி, ஒரு கல்யாணத்தப் படம் புடிக்க இத்தினியா? இத்தினி சாமான் இருந்தா நாம ஒரு கல்யாணமே நடத்திடலாமே.”

இதில் ஆள் கை கேட்கிற சாமான் அந்தக் குடைதான். அதற்குத்தான் அறுவடை நேரத்து லோடுகளை விட்டுவிட்டு சேரன் வந்தது. முந்தின நாள் சாயங்கால வரவேற்பில் பூங்குழலி போகிற இடமெல்லாம் குடையும் லைட்டுமாகப் பின்னாலேயே போனான். சாப்பிட வந்த கமிட்டி ஆட்கள் சும்மா இருப்பார்களா?

“இன்னா சேரா, சாமி ஊர்வலமா? கொட புடிச்சிக்கினு பின்னாலயே போற?”

“அம்மன் பொறப்பாடுடா. தள்ளு தள்ளு, வழி வுடு.”

சேரன் சிரித்தான். ஆனால் வீடு திரும்புகிற வழி முழுக்கப் பேசாமல் வந்தான். பூங்குழலி அதைக் கவனித்திருந்தாள்.

இப்போது அவள் மண்டபத்துக்குள்ளிருந்து வேகமாக வெளியே வந்தாள். சுடிதார், காலில் செருப்பில்லை. இரண்டு தோளிலும் இரண்டு கேமரா, குறுக்கே வார். பனியிலிருந்து சூட்டுக்குப் போனால் லென்ஸ் வேர்த்துவிடும் என்று விடியற்காலையிலேயே அவற்றை உள்ளே கொண்டுபோய் வைத்திருந்தாள்.

“இன்னா இங்கயே நின்னுக்கினு இருக்க? பொண்ண மணவறைக்கி அழைக்கப் போறாங்க. லைட்டு எங்க?”

“தோ.”

ஸ்டாண்டை எடுத்து நீட்டப் போனவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அதைத் தரையில் படுக்க வைத்தான். மேலே குடையை வைத்தான். பின்னுக்கு நகர்ந்தான்.

“கையில குடுத்தா கொறஞ்சிப் போயிடுவியா?”

“எடுத்துக்கோ. நான் வர்ல. வயித்த வலிக்குது.”

“வயிறா? இப்பத்தான கேசரி துன்ன?”

“அதான் வலிக்குது.”

“மாத்திர வாங்கித் தரேன், வா.”

“வர்லன்னா வுடேன்.”

பூங்குழலி அவனை உற்றுப் பார்த்தாள். முகம் பார்க்கத் தெரிந்தவள் அல்லவா. வயிற்றுவலிக்காரனின் முகமில்லை அது. எதையோ வாய்க்குள் வைத்துக்கொண்டு மூடியிருக்கிற முகம்.

“நேத்து அந்தக் கமிட்டி ஆளுங்க கிண்டல் பண்ணாங்களே. அதானா?”

தப்பிக்க ஒரு வழி தானாகத் திறந்து நின்றது. ஆனால் அது எப்பேர்ப்பட்ட வழி!

“சொல்லு. அதானா?”

“அதான்னு வெச்சிக்க.”

அவள் கண்ணில் ஒன்று சட்டென்று அணைந்தது. அழமாட்டாள், அதற்கு நேரமில்லை.

“ஐயரு ஓமம் வளத்துட்டாரு. பச்ச சுள்ளி, ஒரே பொக. கேமரா தலைலயே ஃபிளாஷ வெச்சி அடிச்சா பொகதான் வெள்ளயா தெரியும், தாலி தெரியாது. பக்கத்துலருந்து வெளிச்சம் வந்தாத்தான் ஆச்சி. உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிக்கினே நிக்கற.”

சேரன் வண்டியின் பின்கதவைத் தூக்கிச் சாத்தினான்.

“எவனோ நாலு பேரு சிரிச்சதுக்கு.”

“உன் போன வெச்சிட்டுப் போ” என்றான் சேரன். “சார்ஜ் போட்டு வெக்கறேன்.”

“இதுக்கொண்ணும் கொறச்ச இல்ல.” போனை வண்டி சீட்டில் விட்டெறிந்தாள். “எனக்கு இன்னிக்கி யாரு போன் பண்ணப் போறாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, சீட்டில் கிடந்த போன் அடித்தது. அவள் திரும்பினாள். சேரன் பாய்ந்து எடுத்து அமுக்கினான்.

“யாரு?”

“லோன் ஓணுமான்னு கேக்கற பொண்ணு.”

அவள் குனிந்து ஸ்டாண்டையும் குடையையும் வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசல்படியில் குடையின் கம்பி வாழைமரத்தில் சிக்கியது. யாரும் உதவவில்லை. அவளே பிடுங்கிக்கொண்டு போனாள். சேரன் கை தானாக நீண்டது, நீண்டபடியே நின்றது.

அவனால் ஆனது ஒன்றுதான். எதிர்ப்பக்கம் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஒரு காலிச் சாக்கை நிரப்பி, வாயைக் கட்டி, வாசல்படியில் இறக்கினான். அங்கே பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், “படம் புடிக்கறவங்க கேட்டாங்க. லைட்டு கால்மேல வெக்கணும், சாயாம. யாரையாவது எடுத்துப் போவச் சொல்லுங்க” என்றான். இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மண்டபத்துக்கும் பக்கத்து அரிசி மில்லுக்கும் நடுவில் ஒரு சந்து. சமையற்கட்டு அதில்தான் இருந்தது. அங்கே நின்றால் மண்டபத்துப் பக்கவாசல் வழியாக மணவறை தெரியும். சேரன் அங்கே போக நினைத்துத் திரும்பியபோது ரோட்டோரம் ஆட்டோ ஒன்று நின்றது. பட்டுப்புடவையில் அம்மாக்கண்ணு இறங்கினாள்.

அம்மாக்கண்ணு வசந்தாவுக்குப் பெரியம்மா மகள். அவலூர்பேட்டையில் தனகோட்டிக்கு அடுத்த தெரு. மூடி போட்டாலும் பொங்கி வழிகிற வாய் என்று ஊரே சொல்லும். சேரனைப் பார்த்ததும் அவள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

“ஏண்டாப்பா, நீ இன்னா இங்க? அங்க உங்க பெரியப்பன்—”

“அத்தே, அத்தே, மெதுவா.”

“இன்னா மெதுவா? வாரிக்கினு போயிட்டான் எமன். நேத்து ராத்திரி களி துன்னுட்டுப் படுத்தவரு. நான் எட்டிப் பாக்கலடா. சங்கு சத்தம் கேட்டுச்சி, அப்பிடியே திரும்பிட்டேன். எட்டிப் பாத்தா தல முழுவணும், முழுவினா இந்த முகூர்த்தம் போயிடும். என்ன இருந்தாலும் தங்கச்சி பொண்ணு கல்யாணம். ஆமா, நீ எப்பிடி இங்க?”

“நான் உள்ள போவல அத்தே. வாசலோட சரி. பூங்குழலிதான் உள்ள இருக்கறா. அவளுக்குத் தெரியாது.”

“தெரியாதா?”

“அவ காதுல உழல. அவதான் படம் புடிக்கறா. மொதக் கல்யாணம். தாலி ஏறட்டும் அத்தே. உன் வாயால ஒரு வார்த்த வந்துடப் போவுது.”

அம்மாக்கண்ணுவுக்குக் கோபம் வந்தது. “என் வாயி இன்னா ஓட்டப் பானையா?”

சேரன் அவளைப் பார்த்தான்.

“சரிதான் போடா” என்றாள் கொஞ்சம் இறங்கி. “வசந்தாகிட்டயும் சொல்லக் கூடாதா?”

“ஆருகிட்டயும்.”

“எனக்குத் தெரிஞ்சிக்கினு நான் எப்பிடிடா அந்தப் பொண்ணு மூஞ்சப் பாப்பேன்? அவரு இந்தப் பொண்ணப் பத்தி எத்தினி சொல்லுவாரு. ‘எம் மருமவ என்ன அரசியல்வாதி மாரி எடுத்திருக்கறா பாரு’ன்னு போன நீட்டி நீட்டிக் காட்டுவாரு.” கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். “போறேன், போறேன். ஓரமா குந்திக்கறேன். ஒண்ணும் பேசல.”

ஓரமாக உட்காருகிற பெண்பிள்ளையா அவள்? சேரன் சந்துக்குள் நுழைந்து பக்கவாசலுக்கு எதிரே நின்று பார்த்தபோது, அம்மாக்கண்ணு கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு நேரே மணவறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

சந்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பூசணிக்காயும் பெருங்காயமும் மணந்தன. வடை சுடுகிறவர் கரண்டியைத் தட்டித் தட்டி யாரையோ திட்டினார். “அண்ணே, ஓரமா நில்லுங்க, எண்ண தெறிக்கும்” என்றாள் வெங்காயம் அரிகிற பெண். சேரன் நகரவில்லை.

உள்ளே புகை மணவறையைச் சுற்றி நின்றது. அலங்காரத்துச் சீரியல் பல்புகள் சிவப்பும் நீலமுமாக மாறிமாறி எரிந்து, பெண்ணின் முகத்தை ஒரு கணம் ரோஜாவாகவும் மறுகணம் நாவல்பழமாகவும் ஆக்கின. பூங்குழலி மேடையின் வலது ஓரத்தில் ஸ்டாண்டை நட்டு, காலில் மணல் சாக்கை வைத்திருந்தாள். குடை பெண்ணின் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு தரம் அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் சரியாக விழுந்தது. அவள் தோள் கொஞ்சம் இறங்கினதை அத்தனை தூரத்திலிருந்தும் சேரன் பார்த்தான்.

தாலித் தட்டு சுற்றி வந்தது. எல்லோர் கையிலும் அட்சதை. இதுவரை நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்திருந்த சனம், உலகத்துச் சனமெல்லாம் செய்கிறபடி, ஒரே நேரத்தில் எழுந்து மேடையேறியது. மாப்பிள்ளையின் தோழர்கள் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்கள். ஒருவன் முழங்கை ஸ்டாண்டில் பட்டது. மணல் சாக்கு காலைத்தான் பிடிக்கும், தலையை எப்படிப் பிடிக்கும்? குடை ஆடி, சுற்றி, கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

சேரன் ஒரு காலை எடுத்துப் பக்கவாசல் படியில் வைத்தான். வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தான்.

அந்த நேரம் அம்மாக்கண்ணு பூங்குழலியின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். வாயைத் திறந்துவிட்டாள். என்ன சொல்லத் திறந்தாளோ, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே பூங்குழலி கத்தினாள்.

“அத்தே! லைட்டப் புடிங்க! மேல தூக்கி! பொண்ணு பக்கமா!”

திறந்த வாய் திறந்தபடி அம்மாக்கண்ணு இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கினவள் தேர்வடம் பிடித்தவள்போல அசையாமல் நின்றாள்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

தவிலும் நாயனமும் இடித்துப் பொழிந்தன. ஒரு கெட்ட சொல், ஒரு தும்மல், ஓர் அழுகைச் சத்தம் அந்த நேரத்தில் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்றுதானே அந்த மேளமே வைத்தார்கள். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போனது. குடை பளிச்சென்றது. பின்னும் பளிச், பின்னும் பளிச். நாத்தனார் மூன்றாம் முடிச்சைப் போட்டபோது ஒரு பளிச். அட்சதை மழையாகக் கொட்டும்போது பூங்குழலி சட்டென்று திரும்பி, வாழ்த்துகிற கூட்டத்தின் முகங்களை வரிசையாக எடுத்தாள்.

அப்போதுதான் அவள் கேமரா பாதியில் நின்றது.

எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருந்தன. எல்லாக் கண்ணும் மணமக்கள்மேல் இருந்தன. ஸ்டாண்டைத் தூக்கிப் பிடித்திருந்த அம்மாக்கண்ணு மட்டும் மணமக்களைப் பார்க்கவில்லை. பூங்குழலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் முழுக்கக் கண்ணீர்.

பூங்குழலி கேமராவை இறக்கினாள். அம்மாக்கண்ணுவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையிலிருந்து ஸ்டாண்டையும் வாங்கவில்லை. மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, பக்கவாசலுக்கு வந்தாள். படிக்கு உள்ளே அவள், வெளியே சேரன்.

“வயித்து வலி எப்பிடி இருக்குது?”

“பரவால்ல.”

“லைட்டக் கையில குடுக்காம கீழ வெச்ச.”

சேரன் தரையைப் பார்த்தான்.

“அந்த அத்த என்னப் பாத்து அழுவுது. பொண்ணப் பாத்து அழுவல.”

“பூங்குழலி, நான்—”

“வாயத் தொறக்காத.” கையை உயர்த்தி நிறுத்தினாள். “நீ சொல்லல. நான் கேக்கல. குடும்பப் படமெல்லாம் இன்னும் பாக்கி இருக்குது.” ஆனால் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. “நைனா… நைனா காலைல காப்பி குடிச்சாரா?”

சேரனுக்குப் புரிந்தது. “குடிச்சாரு. நல்லா இருக்கறாரு. ஊருக்குப் போயிருக்கறாரு.”

“அனந்தபுரத்துல எங்கம்மா?”

“அவங்களும் நல்லா இருக்கறாங்க. அதில்ல.”

“அப்ப நைனா எந்த ஊருக்கு—” என்று ஆரம்பித்தவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். “வேணாம். சொல்லிடாத.”

அப்படியே இருவரும் நின்றுகொண்டிருந்தபோது வசந்தா வந்தாள். பெண்ணைப் பெற்றவள், விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறவள். சந்தனம் கழுத்தில் காய்ந்து வெடித்திருந்தது.

“இங்க இன்னாம்மா பண்ற? மாப்ள வூட்டுக்காரங்க எல்லாரும் மேடைல ஏறி நிக்கறாங்க, படத்துக்கு. ஜெயஸ்ரீ வேற, அக்காவக் கூப்புடுங்க, அக்காகூட நான் ஒண்ணு எடுத்துக்கணும்னு குதிக்குது. வா வா.”

“அக்கா, நான் மேடையேற மாட்டேன்.”

“ஏன்? இத்தினி நேரம் அங்கதான நின்ன?”

“அப்ப நின்னேன். இப்ப… கீழ இருந்தே நீட்டு லென்ஸ்ல எடுத்துத் தரேன்.”

“இன்னாம்மா புதுசா பேசற? சம்பந்தி வூட்ல இன்னா நெனப்பாங்க?”

பூங்குழலி ஒரு கணம் கண்ணை மூடினாள். ஒரு பொய் சொன்னால் போதும், சேரனின் வயிற்றுவலிபோல ஒன்று. இந்தக் கல்யாணம் நன்றாக முடிந்தால் அடுத்த கல்யாணம் வரும், அதற்கடுத்தது வரும். இது கெட்டால் செஞ்சியில் இனி யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

“அக்கா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. தாலி கட்டற வரைக்கும் சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க வூட்ல—”

வசந்தா அவள் முகத்தைப் பார்த்தாள். படியைத் தாண்டாமல் வெளியே நிற்கிற புருஷனைப் பார்த்தாள். பிள்ளை பெற்று, பெற்றோரைப் புதைத்து, நாலு சாவும் நாலு வாழ்வும் பார்த்த பெண்பிள்ளை. அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்? சட்டென்று திரும்பி, கையைத் தலைக்குமேல் தூக்கி, மேளக்காரர்களைப் பார்த்து ஆள்காட்டி விரலை வேகமாக ஆட்டினாள்.

அவர்கள் அப்போதுதான் காப்பித் தம்ளரை வாயில் வைத்திருந்தார்கள். இப்போது எதற்கு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வசந்தாவின் விரல் நிற்கவில்லை. தம்ளரை வைத்துவிட்டு அடித்தார்கள். மண்டபம் அதிர்ந்தது.

அந்தச் சத்தத்துக்குள் பூங்குழலியின் உதடுகள் அசைந்தன. சொல்ல வேண்டியதை முழுக்கச் சொன்னாள். வசந்தா முகத்தைத் திருப்பவில்லை. அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேளம் ஓய்ந்தது.

“இன்னாமோ சொன்ன” என்றாள் வசந்தா. “மேளத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல.”

பூங்குழலி திரும்பச் சொல்லவில்லை.

“தாலி கட்டறது வந்துச்சா?”

கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். புகைக்கு நடுவில் பெண்ணின் கழுத்தும், மஞ்சள் கயிறும், மாப்பிள்ளையின் விரலும், மூடின இமையில் பட்ட வெளிச்சமும் பளிங்குபோல இருந்தன. வசந்தாவின் கை அதைத் தொட நீண்டது. பாதியில் மடங்கிக்கொண்டது. எட்ட நின்றே பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

“எம் பொண்ணு மாரியே இருக்குது” என்றாள். “எங்க கல்யாணப் படத்துல எல்லாம் நான் வேற யாரோ மாரி இருப்பேன்.”

“அக்கா…”

“மீதிய என் தம்பி பையன் போன்ல எடுத்துக்குவான். சம்பந்திகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ கெளம்பு.” அதில் பரிவு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் இருந்தன. “படத்துக்கு அவசரமில்ல. எல்லாம் முடிச்சிட்டு நிதானமா வா.”

போகிறவள் நாலடி போய்த் திரும்பினாள். “ஜெயஸ்ரீ நாத்தனாருக்கு வைகாசில நிச்சயம் வெச்சிருக்கறாங்க. உன்னத்தான் கேட்டுக்கினு இருந்துச்சி.”

மேடையிலிருந்து ஜெயஸ்ரீ கையை ஆட்டி ஆட்டி, “அக்கா, வாங்க!” என்று கூப்பிட்டாள். பூங்குழலி வாசல்படியில் நின்றபடியே இன்னொரு கேமராவைத் தூக்கினாள். நீட்டு லென்ஸ் மண்டபம் முழுவதையும் தாண்டிப் போய், கூப்பிடுகிற அந்த முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தது. ஒன்று எடுத்தாள். கையசைத்தாள். வெளியே இறங்கினாள்.

அம்மாக்கண்ணு லைட்டையும் குடையையும் பையையும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். “நான் ஒரு வார்த்தகூட சொல்லலடா சேரா. அவளே கேளு. போற வழியில நல்ல சாமந்தி மாலையா ரெண்டு—”

“அத்தே!” என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக.

அம்மாக்கண்ணு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வண்டி கடைத்தெருவைத் தாண்டியது. பனி விலகி, மலையின் பாறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. மடியில் கேமராப் பையை வைத்துக்கொண்டு பூங்குழலி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொட புடிக்க வெக்கப்பட்டுட்டன்னு நெனச்சேன்.”

“வெக்கமாத்தான் இருந்துச்சி. நேத்து.” சேரன் கியரை மாற்றினான். “ஆனா புடிச்சேன் இல்ல?”

“ம்.”

“இன்னிக்கும் புடிச்சிருப்பேன்.”

“தெரியுது.”

கூட்ரோட்டில் வண்டி அவலூர்பேட்டைப் பக்கம் திரும்பியது. பூங்குழலி அந்தத் திருப்பத்தைப் பார்த்தாள். பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். அந்த ஊரில் அவளுக்கு ஒரே ஒரு முகம்தான் உண்டு. ரோட்டின் இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்து மறுபடி நடவு நடக்கிற கழனிகள். பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள்.

“நிறுத்து.”

புளியமரத்தடியில் நிறுத்தினான்.

“இப்பச் சொல்லு.”

“உனக்குத்தான் தெரிஞ்சி போச்சே.”

“தெரிஞ்சா? நீ சொல்லணும். என் காதுல உழணும்.”

சேரன் எஞ்சினை அணைத்தான். காலையிலிருந்து வாய்க்குள் வைத்திருந்தது. வெளியே வர மறுத்தது.

“தனகோட்டி பெரியப்பா பூட்டாரு.”

பூங்குழலி அதைக் கேட்டாள். கேட்டு முடிகிறவரை அசையாமல் இருந்தாள். பிறகு பையை மெதுவாகக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து ஓவென்று அழுதாள்.

கழனியில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். நாற்றும் சேறுமான கையோடு ஒருத்தி வரப்புக்கு வந்தாள்.

“யாரு வூட்லப்பா? யாரு தவறிட்டாங்க?”

சேரன் வண்டியிலிருந்து இறங்கினான். இனிமேல் குரலைத் தணிக்க வேண்டியதில்லை. ரோட்டைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, கடைசி வரிசைக்கும் கேட்கிறபடி பெயரையும் ஊரையும் சொன்னான்.

“அவலூர்பேட்ட தனகோட்டி. எங்க பெரியப்பா.”